பிடிப்பது வேறு, விடுவது வேறு

நடுவர் அவர்களே, வணக்கம். பிடிவாதமும் வைராக்கியமும் ஒன்றே என்று வாதாடிவிட்டு எதிரணித் தலைவர் அமர்ந்திருக்கிறார். "நான் செய்தால் வைராக்கியம், நீ செய்தால் பிடிவாதம், இரண்டும் ஒற்றைக்காலில்தான் நிற்கின்றன" என்றார். கைதட்டல் பலமாக விழுந்தது. நானும் தட்டினேன். பேச்சு நன்றாக இருந்தது, கணக்குதான் தப்பு.

இரண்டும் ஒன்றென்றால் தமிழில் எதற்கு இத்தனை சொல்? வண்டி மாடு படுத்துக்கொண்டால் சண்டித்தனம். சொன்னதற்கு எதிராகவே போனால் முரண்டு. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்றால் பிடிவாதம். சரி, இதெல்லாம் உங்களுக்கே தெரியும்.

அடத்தைப் பார்க்க வேண்டுமா? ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தி.நகர் ரங்கநாதன் தெருவுக்கு வாருங்கள். நாலு வயசுப் பிள்ளை பொம்மைத் துப்பாக்கி கேட்டுத் தரையில் உட்கார்ந்து அழுகிறது. "நீ இங்கேயே இரு" என்று அம்மா நாலு அடி நடக்கிறாள். பிள்ளை ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்க்கிறது. அம்மா திரும்பினால் சத்தம் ஏறுகிறது. அவள் கூட்டத்தில் மறைந்தால் அழுகை நின்று ஓட்டம் தொடங்குகிறது. அடத்துக்கு ஆள் வேண்டும், நடுவர் அவர்களே.

வீம்பு அதற்கு அக்கா. எங்கள் பெரியம்மா தன் தம்பியோடு பேசி ஆறு வருஷம் ஆகிறது. கல்யாணப் பத்திரிகையை அவர் நேரில் கொடுக்காமல் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டார். "நான் வைராக்கியமா இருக்கேன்" என்பார் பெரியம்மா. எதிரணி இதைத்தான் பிடித்துக்கொள்ளும், தெரியும். ஆனால் போன மாதம் குரோம்பேட்டையில் ஒரு வளைகாப்பு. தம்பியைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டவர், நேரே பந்திக்குப் போய்ப் பரிமாறுகிற பையனிடம், "அந்த நீலச் சட்டைக்காரருக்குப் பாயசம் ஊத்தாதே, சுகர் இருக்கு" என்று சொல்லிவிட்டு வந்தார். யாராவது கையைப் பிடித்து இழுத்தால் போய்விடுவார். இழுக்கத்தான் ஆள் இல்லை. அவர் வைராக்கியம் என்கிறார், வீட்டில் மற்ற எல்லாரும் வீம்பு என்கிறோம். சொல் எது என்று எங்களுக்குக் குழப்பமே இல்லை.

வைராக்கியம் வேறு ரகம். வடமொழியிலிருந்து வந்த அந்தச் சொல்லுக்கு மூலப்பொருள் பற்றின்மை. பிடிவாதம் என்ற சொல்லிலேயே பிடி இருக்கிறது. அது பிடிப்பது, இது விடுவது. தமிழுக்கு வந்து மனஉறுதி என்று பொருள் மாறிய பிறகும், எதையோ விட்ட வாசனை அதைவிட்டுப் போகவில்லை. மயான வைராக்கியம், பிரசவ வைராக்கியம் என்று நாம் கேலி செய்வதும், விட்டேன் என்றவர் நாலே நாளில் திரும்பப் பிடித்துக்கொள்வதால்தான்.

சங்கரலிங்கனாரை நினைத்துப் பாருங்கள். 1956-இல் விருதுநகரில் உண்ணாவிரதம் உட்கார்ந்தார். இந்த மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் வையுங்கள் என்பது அவருடைய கோரிக்கைகளில் ஒன்று. போதும், நிறுத்துங்கள் என்று தலைவர்கள் கேட்டும் நிறுத்தவில்லை. 76 நாள் பட்டினி கிடந்து உயிரை விட்டார். பெயர் வந்தது 1969 ஜனவரி 14-இல். அந்தப் பிள்ளைக்குத் துப்பாக்கி கையில் கிடைத்தால் அடம் முடிந்துவிடும். இவர் கேட்டதில் இவர் கையில் வாங்கிக்கொள்ள என்ன இருந்தது?

அப்புறம் அந்த ஒற்றைக்கால். மாமல்லபுரத்தில் அர்ச்சுனன் தபசு என்று ஒரு பெரிய பாறைச் சிற்பம். அது பகீரதன் என்பவர்களும் உண்டு, அந்தப் பட்டிமன்றம் இன்னொரு நாளைக்கு. அங்கே எலும்பு தெரிய ஒற்றைக்காலில் நின்று, கைகளை மேலே தூக்கித் தவம் செய்கிறார் ஒருவர். சற்றுக் கீழே ஒரு பூனை. அதுவும் பின்னங்காலில் நிமிர்ந்து, முன்னங்கால்களைத் தலைக்கு மேல் தூக்கி நிற்கிறது. நிற்கிற தோரணையைப் பார்த்து, இரண்டும் ஒன்றுதான் என்று முடிவுகட்டிய எலிகள் பூனையின் காலடியில் நிம்மதியாக இருக்கின்றன.

எதிரணி நண்பர்களை நான் யாரோடும் ஒப்பிடவில்லை, நடுவர் அவர்களே.