செனகலும் அந்த 50 யூரோ விசாவும்

வணக்கம் நேயர்களே. குளிர் தொடங்கியதும் ஐரோப்பாவிலிருந்து வெயிலைத் தேடிக் கிளம்புகிறவர்களில் பலர் மேற்கு ஆப்பிரிக்க நாடான செனகலுக்குப் போகிறார்கள். சாலி கடற்கரை, கோரே தீவு, தெற்கே காசமான்ஸ். விசா வேண்டுமா என்றுதான் முதலில் கேட்பார்கள். ஐரோப்பிய ஒன்றிய நாட்டுப் பாஸ்போர்ட் இருந்தால் 90 நாள் வரை வேண்டாம். ஆனால் இடையில் கிட்டத்தட்ட இரண்டு வருடம் வேண்டியிருந்தது, அதைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

2013 ஜூலை 1 முதல் செனகல் அரசு ஐரோப்பியர்களுக்கு விசாவைக் கட்டாயமாக்கியது. இணையத்தில் பதிந்து, 50 யூரோ கட்டி, ரசீதை அச்செடுத்துக்கொண்டு போய்க் கைரேகை வைக்க வேண்டும். எங்கள் மக்களிடம் ஐரோப்பியர்களாகிய நீங்கள் கேட்பதை நாங்களும் உங்களிடம் கேட்கிறோம், செனகல் சொன்ன காரணம் அவ்வளவுதான். நான் அந்தச் சமயத்தில்தான் தலைநகர் டக்காரில் இறங்கினேன். நள்ளிரவு, நீண்ட வரிசை, எனக்கு முன்னால் ஒரு வயதான அம்மா, விரல்கள் காய்ந்துபோய் இயந்திரத்தில் ரேகை பதியவே இல்லை, அதிகாரி ஈரக் காகிதத்தால் துடைக்கச் சொல்லி நான்காவது முறை பொறுமையாக அழுத்த வைத்தார். வரிசையில் சிலர் இது அநியாயம் என்று முணுமுணுத்தார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

ஏனென்றால் என்னோடு வேலை பார்த்த செனகல் நண்பரின் அம்மா, மகன் கல்யாணத்துக்கு வர ஒரு ஐரோப்பியத் தூதரகத்தில் விசா கேட்டார். வங்கிக் கணக்கு, காப்பீடு, திரும்பிப் போவார் என்பதற்குச் சான்று, எல்லாம் கொடுத்தும் மறுத்துவிட்டார்கள். கட்டிய பணமும் திரும்பி வராது. கல்யாணத்தை அவர் போனில்தான் பார்த்தார்.

சரி, அப்புறம் என்ன ஆனது? 2014இல் பக்கத்து நாடான கினியில் எபோலா என்ற கொடிய தொற்றுநோய். செனகலில் ஒரே ஒருவருக்குத்தான் வந்தது, அவரும் குணமாகிவிட்டார், இருந்தும் பயணிகள் வரவில்லை, ஏற்கெனவே விசாவால் தயங்கியவர்களுக்கு இதுவும் சேர்ந்துகொண்டது. சுற்றுலாவை நம்பியிருந்த ஊர்களுக்குப் பெரிய அடி. அப்போதைய அதிபர் மாக்கி சால் 2015 மே 1 முதல் விசாவை நீக்கினார். பிழைப்பு என்று வரும்போது அவரை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஐரோப்பா தன் பக்கத்தில் எதுவும் இறங்கி வரவில்லை. அன்று 60 யூரோவாக இருந்த ஷெங்கன் விசாக் கட்டணம், அதாவது பெரும்பாலான ஐரோப்பிய நாடுகளுக்குச் செல்லும் பொது விசாவின் கட்டணம், 2024 ஜூனிலிருந்து 90 யூரோ. செனகல்காரருக்கு அது சிறிய தொகையே அல்ல.

இப்போது போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். பாஸ்போர்ட்டில் ஆறு மாதமாவது மீதி இருக்கட்டும். ஐரோப்பாவில் வதிவிட அட்டை மட்டும் வைத்துக்கொண்டு இலங்கை, இந்தியப் பாஸ்போர்ட்டில் போகிற நம்மவர்கள் விசா இல்லாமல் போகும் இந்தச் சலுகை தங்களுக்கும் உண்டு என்று நினைத்துவிட வேண்டாம், அங்கே பார்ப்பது பாஸ்போர்ட்டைத்தான், தூதரகத்தில் கேட்டுவிட்டு டிக்கெட் எடுங்கள். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் பயணத்துக்குப் பத்து நாள் முன்னாலாவது போட்டுக்கொள்ளுங்கள், அந்த நோய் இருக்கிற நாடு வழியாக வந்தால் சான்றிதழ் கேட்பார்கள். 2016 முதல் ஒரு ஊசிச் சான்றே ஆயுளுக்கும் செல்லும், அதனால் அந்தச் சான்று இருக்கிற பழைய மஞ்சள் நிறத் தடுப்பூசிப் புத்தகத்தைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். டக்காரிலிருந்து தரைவழியாகக் காசமான்ஸ் போகிறவர்கள் பெரும்பாலும் நடுவில் காம்பியாவைக் கடக்க வேண்டியிருக்கும், அது தனி நாடு, அதற்குத் தனி விதி. எல்லையில் முத்திரை குத்தியதும் தேதியைச் சரிபார்த்துவிட்டு நகருங்கள்.