'அவர் மோட்சத்துக்குப் போய்விட்டார்' என்று அவசரப்படாதீர்கள்! | நவம்பர் வ்லாக்

எல்லோருக்கும் வணக்கம். நவம்பர் வந்தால் நான் எதைப் பற்றிப் பேசுவேன் என்று உங்களுக்கே தெரியும்: இறந்தவர்களுக்காகச் செபிப்பதைப் பற்றி. இந்தத் தடவை கொஞ்சம் கோபத்தோடு கேமராவை எடுத்திருக்கிறேன்.

ஒரு அடக்கத் திருப்பலிக்குப் போயிருந்தேன். இறந்தவரின் மகள், அங்கே வந்திருந்த ஒருவரிடம், "அப்பாவுக்காகச் செபம் பண்ணுங்க" என்று கேட்டாள். அவர் சொன்ன பதில்: "எதுக்கும்மா? அவர் இப்பவே மோட்சத்துல தேவதையா இருப்பார்." ஆறுதலாகத்தான் சொன்னார், புரிகிறது. ஆனால் இந்தப் பேச்சு எனக்குக் கொஞ்சமும் பிடிக்காது. மனிதர்கள் இறந்து வானதூதர் ஆவதில்லை, அவர்கள் வேறு படைப்பு. நாம் உடலோடு உயிர்த்தெழப் போகிறவர்கள். ஞாயிறுதோறும் விசுவாசப் பிரமாணத்தில் அதைத்தானே சொல்கிறோம்? அதைவிட, அப்பாவுக்காக அந்த மகளால் இன்னும் செய்ய முடிகிற ஒன்றை அந்தப் பதில் பிடுங்கிக்கொண்டது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

உத்தரிக்கிற ஸ்தலம், அதாவது இறந்தவர்களின் ஆன்மா விண்ணகம் போகுமுன் தூய்மையாகிற நிலை, என்றால் பாதி நரகம் என்று நினைக்கிறார்கள். கிடையவே கிடையாது. திருச்சபையின் போதனைகளைத் தொகுத்த நூலான மறைக்கல்வியில் 1030-ஆம் எண்ணைப் பாருங்கள். கடவுளின் அருளில் இறந்து, இன்னும் முழுத் தூய்மை அடையாதவர்கள் அங்கே இருக்கிறார்கள். அவர்களுடைய மீட்பு உறுதி. அங்கிருந்து போகிற வழி விண்ணகத்துக்கு மட்டும்தான். ஜெனோவா புனித கத்தரீன், அந்த ஆன்மாக்களின் மகிழ்ச்சியை மோட்சத்தில் இருப்பவர்களின் மகிழ்ச்சியோடு மட்டுமே ஒப்பிடலாம் என்கிறார். நம்பிக்கை இருப்பதால்தான் செபிக்கிறோம். பழைய ஏற்பாட்டின் மக்கபேயர் நூலில் வரும் யூதத் தளபதி யூதா மக்கபே, போரில் விழுந்த வீரர்களுக்காக இரண்டாயிரம் வெள்ளித் திராக்மா திரட்டி எருசலேமுக்குப் பாவப் பரிகாரப் பலிக்கு அனுப்பியதும் உயிர்த்தெழுதலை மனத்தில் வைத்துத்தான்.

சரி, நம்ம நோட்டு! அதாவது இறந்தவர்களின் பெயர் நோட்டு, நீல அட்டை போட்டது, முந்தைய வீடியோவில் காட்டினேனே. அதில் ஒரு வரி வெறுமையாகவே கிடந்தது. தாத்தாவின் அக்கா. வீட்டில் எல்லோருக்கும் அவர் 'பெரியத்தை', திருமுழுக்குப் பெயர் யாருக்கும் நினைவில்லை. ஒவ்வொருவருக்காகப் போன் போட்டேன். ஒருவர் ஒரு பெயர் சொன்னார், அடுத்தவர் வேறு பெயர் சொன்னார். சித்தப்பா, "பெரியத்தைன்னே எழுதும்மா, ஆண்டவருக்குத் தெரியாதா?" என்றார். தெரியும்தான். ஆனால் திருப்பலிக் கருத்தில் பீடத்தருகே அவர் பெயர் ஒலிக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. கடைசியில் பாருங்கள், பழைய செபப்புத்தகத்தின் உள்ளட்டையில் பென்சிலில் அவரே எழுதியிருக்கிறார்! முழுப் பெயர், அதன் கீழே 'தொலைத்துவிடாதே' என்று ஒரு வார்த்தை, அதில் துதிக்கை வைத்த பழைய 'லை'. உடனே நோட்டில் எழுதினேன். எவ்வளவு சந்தோஷம் தெரியுமா! சாகும் தறுவாயில் புனித மோனிக்கா மகன் அகுஸ்தினிடம் கேட்டதும் இதுதானே? என் உடலை எங்கு வேண்டுமானாலும் புதையுங்கள், ஆண்டவரின் பீடத்தில் என்னை நினையுங்கள் என்றார்.

அதே நோட்டில் இன்னொரு பெயர் இருக்கிறது. தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டவர். அதை எழுதாதே என்று எனக்குச் சொன்னவர்கள் உண்டு. நான் எழுதினேன், எழுதுவேன். அப்படி இறந்தவர்களின் மீட்பைக் குறித்து நம்பிக்கை இழக்கக் கூடாது, கடவுள் தமக்கு மட்டுமே தெரிந்த வழிகளில் மனமாற்றத்துக்கு வாய்ப்பளிக்க முடியும், திருச்சபை அவர்களுக்காக மன்றாடுகிறது என்று மறைக்கல்வி 2283-இல் இருக்கிறது. திருப்பலியில் சொல்லப்படும் நான்காம் நற்கருணை மன்றாட்டிலும், யாருடைய விசுவாசத்தைக் கடவுள் ஒருவரே அறிவாரோ அவர்களுக்காகக் குரு செபிக்கிறார். உங்கள் வீட்டில் அப்படி யாராவது இருந்தால், தயவுசெய்து அவர் பெயரையும் எழுதுங்கள்.

அப்புறம் நிறைபேறுபலன், அதாவது மன்னிக்கப்பட்ட பாவங்களுக்கு மீதியிருக்கிற தண்டனை முழுவதையும் நீக்குகிற, திருச்சபை தரும் அருள். நவம்பர் 1 முதல் 8 வரை கல்லறைக்குப் போய் இறந்தவர்களுக்காகச் செபித்தால் ஒவ்வொரு நாளும் அதைப் பெறலாம். மனத்துக்குள் செபித்தாலும் போதும். நவம்பர் 2 அன்று கோவிலைச் சந்தித்து, கர்த்தர் கற்பித்த செபமும் விசுவாசப் பிரமாணமும் சொல்லியும் பெறலாம். நிபந்தனைகள்: ஒப்புரவு (பாவசங்கீர்த்தனம்), நற்கருணை, திருத்தந்தையின் கருத்துக்காகச் செபம், அற்பப் பாவத்தின்மீதும் பற்று இல்லாத மனம்.

முக்கியமான ஒன்றை விட்டுவிட்டேன், இந்தப் பலனை இறந்தவர்களுக்கு மட்டுமே ஒப்புக்கொடுக்க முடியும். ஒரே ஒப்புரவு பல நாள்களுக்கும் போதும், ஆனால் நற்கருணையும் திருத்தந்தைக்கான செபமும் ஒவ்வொரு பலனுக்கும் தனித்தனியாக வேண்டும். கடைசி நேரத்தில் ஒப்புரவுக்கு வரிசை நீளும், அதனால் இந்த வாரமே போய்விடுங்கள்.