முதலில் அடுப்படி: ஒரு பட்டிமன்ற உரை

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, குழந்தையை மடியில் போட்டுக்கொண்டே கேட்டுக்கொண்டிருக்கிற தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம்.

"குழந்தைக்குத் தொண்டை வலித்தால் முதலில் நாட வேண்டியது அடுப்படியா, மருந்துக் கடையா?" தலைப்பு இதுதான். எதிரணித் தலைவர் மருந்துக் கடைக்காகப் பத்து நிமிடம் முழங்கினார். முழங்கிவிட்டு உட்கார்ந்ததும் அவருக்கே தொண்டை கட்டிக்கொண்டது. பக்கத்தில் இருந்தவரிடம் என்ன கேட்டார் தெரியுமா? "கொஞ்சம் வெந்நீர் கிடைக்குமா?" நடுவர் அவர்கள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

விளையாட்டு போகட்டும். அவர் சொன்னதில் ஒன்று கனமான வாதம். "ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி தொண்டையில் வந்தால், சரியாகக் கவனிக்காவிட்டால் ருமாட்டிக் காய்ச்சலாகி இதய வால்வைக் கெடுக்கும். நீங்கள் கஷாயம் காய்ச்சிக்கொண்டிருப்பீர்கள், அங்கே இதயம் போய்க்கொண்டிருக்கும்" என்றார். உண்மைதான், நான் மறுக்கவில்லை. ஆனால் அவர் இரண்டு விஷயங்களைச் சொல்லாமல் விட்டுவிட்டார். 5 முதல் 15 வயதுப் பிள்ளைகளுக்கு வரும் தொண்டை வலியில் பத்துக்கு இரண்டு மூன்றுதான் அந்தக் கிருமியால் வருவது. மூன்று வயதுக்குக் கீழே அது அபூர்வம். மிச்சத்தில் பெரும்பாலானவை வைரஸ். இன்னொன்று, வலி தொடங்கி ஒன்பது நாட்களுக்குள் ஆன்டிபயாட்டிக் ஆரம்பித்தால்கூட ருமாட்டிக் காய்ச்சலைத் தடுத்துவிடலாம் என்பது மருத்துவர்களே சொல்லும் கணக்கு. அடுப்படி கேட்பது ஒன்பது நாள் அல்ல, இரண்டே நாள்.

அதுவும் எல்லாக் குழந்தைக்கும் கேட்கவில்லை. மூக்கொழுகல், இருமல், குரல் கம்மல், கண் சிவப்பு என்று வலி துணையோடு வந்தால் அது பெரும்பாலும் வைரஸ், அடுப்படிக்கு வாருங்கள். இருமலே இல்லை, திடீரென்று காய்ச்சல், தாடைக்குக் கீழே நெறி கட்டித் தொட்டால் வலிக்கிறது, டான்சிலில் வெள்ளைத் திட்டு, இப்படி இருந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள். கவனியுங்கள், மருத்துவரிடம் என்றேன், மருந்துக் கடைக்கு என்று சொல்லவில்லை. அந்த இரண்டையும் ஒன்றாகக் குழைத்ததுதான் எதிரணியின் சாமர்த்தியம்.

மருந்துக் கடையில் என்ன நடக்கிறது? "பிள்ளைக்குத் தொண்டை வலிங்க" என்றதும் அசித்ரோமைசின் மூன்று மாத்திரை, கூடவே ஒரு சிரப். சீட்டு இல்லாமல் ஆன்டிபயாட்டிக் விற்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது, கவுண்டரில் அது இருப்பதில்லை. வைரஸை அந்த மாத்திரை ஒன்றும் செய்யாது; வயிற்றில் இருக்கும் நல்ல கிருமியைக் கொன்று பேதியை வரவழைக்கும். அந்த சிரப் சங்கதி என்ன? குளோர்ஃபெனிரமைனும் ஃபினைலெஃப்ரினும் கலந்த சளி மருந்தை நான்கு வயதுக்குக் கீழ் கொடுக்கக் கூடாது என்று லேபிளிலேயே அச்சிடச் சொல்லி 2023 டிசம்பரில் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு உத்தரவிட்டது. 2025இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா பகுதியில் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். அவர்கள் குடித்த சிரப் தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில். சோதித்துப் பார்த்தபோது அதில் கிட்டத்தட்ட பாதி டைஎத்திலீன் கிளைக்கால் என்ற விஷம். சளி இருமலுக்கு என்று வாங்கிய மருந்து அது. இதற்கு மேல் அதைப் பற்றிப் பேச மனசு வரவில்லை.

அடுப்படிக்கு வருகிறேன். எங்கள் மருந்துக்கும் அளவு உண்டு. "ஒரு சிட்டிகை, ஒரு கைப்பிடி" என்று கண்திட்டத்தில் போட்டு, பலிக்காதபோது பாட்டி வைத்தியத்தைப் பழிப்பது நியாயமில்லை.

முதலில் தேன். 2007இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், இரவு இருமலால் தூங்காத 105 பிள்ளைகளுக்குத் தேனையும் இருமல் மருந்தையும் கொடுத்து ஒப்பிட்டார்கள். இருமல் மருந்தால் தேனை முந்த முடியவில்லை. 2012இல் இஸ்ரேலில் ஒன்று முதல் ஐந்து வயது வரையிலான 300 பிள்ளைகளிடம் செய்த ஆய்வு இன்னும் ருசியானது: தேனுக்குப் போட்டியாக வைத்தது பேரீச்சம்பழப் பாகு! படுக்கப் போவதற்கு அரை மணி நேரம் முன் 10 கிராம், அதாவது ஒன்றரை டீஸ்பூன். பாகு குடித்தவர்களுக்கும் கொஞ்சம் தேறியது, தேன் குடித்தவர்களுக்குக் கூடுதலாகத் தேறியது. ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்: இரண்டும் இருமலைப் பற்றிய ஆய்வுகள், தொண்டை வலியை நேராக அளந்தவை அல்ல. ஆனால் இரவெல்லாம் இருமி இருமித்தானே தொண்டை புண்ணாகிறது. வீட்டில் கொடுக்க ஒன்று முதல் ஐந்து வயதுக்கு அரை டீஸ்பூன், ஆறு முதல் பதினொன்றுக்கு ஒரு டீஸ்பூன் போதும். தண்ணீரில் கரைக்காமல் அப்படியே நக்கவிடுங்கள். அந்தப் பிசுக்கு தொண்டையில் படிந்து நிற்பதுதான் சுகம். பிறகு பல்லைத் துடைத்துவிடுங்கள்.

ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் கூடவே கூடாது. சேனை தொட்டு வைக்கிறேன் என்று விரல் நுனியில்கூட வேண்டாம். தேனில் போட்டுலிசம் கிருமியின் வித்துகள் இருக்கலாம். நம் வயிற்றில் அவை சும்மா கடந்து போகும். பச்சைக் குழந்தையின் குடலில் முளைத்து விஷம் கக்கும். மலச்சிக்கலில் தொடங்கி, அழுகை மெலிந்து, தலை நிற்காமல் துவண்டுபோகும். "காய்ச்சிக் கொடுத்தால்?" என்று முன்வரிசையில் ஓர் அம்மா கேட்கிறார். கொதிக்கிற சூட்டில் அந்த வித்து சாகாது அம்மா. ஆறு மாதம் வரை தொண்டைக்கும் தாய்ப்பால்தான் மருந்து.

அடுத்தது உப்புத் தண்ணீர். இதில்தான் அதிகம் தப்பு நடக்கிறது. 200 மில்லி பிடிக்கும் ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீருக்குத் தலைதட்டிய அரை டீஸ்பூன் தூள் உப்பு. அது சுமார் 3 கிராம், நூற்றுக்கு ஒன்றரை பங்கு. நம் கண்ணீரின் உப்பு நூற்றுக்கு 0.9. அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருப்பதால்தான் வீங்கிய தொண்டையிலிருந்து நீர் வெளியே இழுபடுகிறது, வீக்கம் வாடுகிறது. "இன்னும் கொஞ்சம் போட்டால் சீக்கிரம் சரியாகும்" என்று இரண்டு ஸ்பூன் போட்டால் எரியும், குமட்டும், பிள்ளை அடுத்த முறை டம்ளரைக் கண்டாலே ஓடும். முழங்கையை விட்டுப் பாருங்கள், சுடக்கூடாது. வாயில் ஒரு மடக்கு, தலையை அண்ணாந்து "ஆஆ" என்று பத்துப் பதினைந்து விநாடி, துப்ப வேண்டும். இப்படி டம்ளர் தீரும் வரை. நாளைக்கு மூன்று நான்கு தடவை.

ஆறு வயதுக்குக் கீழே இது சரிப்படாது. வெறும் தண்ணீரில் கொப்பளித்துத் துப்பச் சொல்லிப் பாருங்கள். விழுங்கிவிட்டுச் சிரித்தால் அந்தப் பிள்ளைக்கு உப்புத் தண்ணீர் வேண்டாம். சின்னக் குழந்தை உப்புத் தண்ணீரை டம்ளர் டம்ளராக விழுங்கினால் ரத்தத்தில் உப்பு ஏறும், அது விளையாட்டில்லை.

மஞ்சள் பாலுக்கு வருவோம். பத்து மிளகு இருந்தால் பகைவன் வீட்டிலும் சாப்பிடலாம் என்பார்கள். மூன்று வயதுப் பிள்ளையின் பாலில் பத்து மிளகைத் தட்டிப் போட்டால் நாமே பகைவன். 150 மில்லி பாலுக்குக் கால் டீஸ்பூனுக்கும் குறைவாக மஞ்சள்தூள், தட்டிய மிளகு ஒன்றோ இரண்டோ. மூன்று நிமிடம் சிறு தீயில் கொதிக்கட்டும், பச்சை வாசம் போக வேண்டும். இறக்கி வடிகட்டிய பிறகு பனங்கற்கண்டு. கொதிக்கும்போதே கருப்பட்டியோ வெல்லமோ போட்டால் பால் திரிந்துவிடும். ஆனால் மஞ்சளைக் கடவுளாக்க வேண்டாம். அதன் மருந்துச் சத்தான குர்குமின் நூற்றுக்கு மூன்று பங்கு அளவுதான், அதிலும் உடம்பில் ஒட்டுவது கொஞ்சம். வேலையில் பாதிக்கு மேல் செய்வது சூடான பால்தான் என்பது என் அபிப்பிராயம். எங்கள் அணியில் சிலர் முறைக்கிறார்கள், முறைக்கட்டும். பளபளவென்று இருக்கும் உதிரி மஞ்சள்தூளில் லெட் குரோமேட் கலப்படம் வரக்கூடும், அது ஈயம். விரலி மஞ்சள் வாங்கி அரைத்துக்கொள்ளுங்கள்.

கற்பூரவல்லி இரண்டு இலையை வாட்டிப் பிழிந்த அரை டீஸ்பூன் சாறு, துளசித் தண்ணீர் இவற்றால் கெடுதல் இல்லை; ஒரு வயது தாண்டிய பிள்ளைக்கு இதமாக இருக்கும், அவ்வளவே. அதிமதுரம் இதமானதுதான், ஆனால் அதைத் தினமும் வாரக்கணக்கில் கொடுத்தால் பொட்டாசியம் குறையும், ரத்த அழுத்தம் ஏறும். மூன்று நாளோடு நிறுத்துங்கள்.

இப்போது எங்கள் அணியின் துருப்புச் சீட்டு. யாரும் இதை மருந்து என்று நினைப்பதில்லை: கஞ்சி. தொண்டை வலியில் குழந்தைக்கு உண்மையான ஆபத்து பெரும்பாலும் வலி இல்லை. வலிக்குப் பயந்து எதையும் விழுங்காமல் இருப்பதால் உடம்பு வறள்வதுதான். ஒரு பங்கு நொய்க்கு எட்டுப் பங்கு தண்ணீர், குழையக் குழைய வெந்து, ஸ்பூனிலிருந்து தானாக வழிய வேண்டும். ஒரு கல் உப்பு. கிண்ணம் நிறைய ஊட்டப் பார்க்காதீர்கள். ஐந்து நிமிடத்துக்கு இரண்டு ஸ்பூன். புளி ரசமும் எலுமிச்சையும் எரியும், முறுக்கு குத்தும், இரண்டு நாள் தள்ளி வையுங்கள். சிறுநீர் எத்தனை தடவை போகிறது என்று எண்ணுங்கள். எட்டு மணி நேரம் போகவில்லை என்றால் அடுப்படியின் வேலை முடிந்துவிட்டது, ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

ஒரு ரகசியம். குளிர்ந்த தயிரும் ஒரு ஸ்பூன் ஐஸ்கிரீமும் தொண்டையைக் கெடுக்காது. குளிர்ச்சியில் வலி மரத்துத்தான் போகும். எதுவும் இறங்காத பிள்ளைக்கு அது இறங்கினால் கொடுங்கள். பாட்டி கோபித்துக்கொள்வார், சமாளித்துக்கொள்ளுங்கள்.

எதிரணி அடுத்து எதை எடுக்கும் என்று தெரியும். "சுண்ணாம்பும் தேனும் குழைத்துத் தொண்டையில் பத்துப் போட்டுப் பிள்ளையின் தோலை வேகவைத்தது யார்? ஆவி பிடிக்கிறேன் என்று கொதிக்கிற சட்டியைக் கவிழ்த்தது யார்?" நாங்கள்தான். இந்த மேடையிலேயே அவற்றைத் தள்ளுபடி செய்கிறேன். ஆவியால் பிள்ளைகளுக்குப் பெரிய பலன் எதுவும் நிரூபணமாகவில்லை. வெந்நீர்க் காயம் மட்டும் நிச்சயம். கற்பூரத்தைத் தேங்காய் எண்ணெயில் காய்ச்சி இரண்டு வயதுக்குக் கீழே தேய்க்காதீர்கள், உள்ளே போனால் வலிப்பு வரும். வசம்பு உரைத்துக் கொடுப்பதையும் விட்டுவிடலாம். அதிலுள்ள, புற்றுநோயை வரவழைக்கக்கூடிய அசரோன் என்ற பொருளுக்காக அமெரிக்காவில் 1968லேயே உணவில் அதைத் தடை செய்துவிட்டார்கள். உள்நாக்கு வளர்ந்துவிட்டது என்று விரலை விட்டு அமுக்குகிறவர்களிடம் பிள்ளையைக் காட்டவே காட்டாதீர்கள்.

காய்ச்சலும் வலியும் கூடினால் பாராசிட்டமால் கொடுக்கலாம், கிலோவுக்கு 15 மில்லிகிராம், ஆறு மணி நேர இடைவெளியில். பார்த்தீர்களா, மருந்துக் கடைக்கும் ஒரு வேலை கொடுத்துவிட்டேன். ஆஸ்பிரின் மட்டும் பிள்ளைகளுக்குக் கூடாது. மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் எதுவும் கொடுக்காமல் நேரே மருத்துவரிடம். மற்றவர்களுக்குக் காய்ச்சல் மூன்றாம் நாளும் இறங்காவிட்டாலும், தொண்டையில் சாம்பல் நிறத்தில் தோல்போலப் படர்ந்திருந்தாலும் காத்திருக்கக் கூடாது. படர்ந்திருப்பது தொண்டை அடைப்பானாக, அதாவது டிப்தீரியாவாக இருக்கலாம். ஐந்து வயதில் போட வேண்டிய தடுப்பூசியை விட்டவர்கள் தள்ளிப்போடாமல் போடுங்கள்.

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார், கடைசியாக ஒன்று. பிள்ளை எச்சிலைக்கூட விழுங்காமல் வழியவிடுகிறதா, வாயைத் திறந்து முன்பக்கம் சாய்ந்தே உட்கார்ந்திருக்கிறதா, மூச்சு இழுக்கும்போது கர்ர் என்று சத்தம் வருகிறதா? அப்போது கரண்டியை விட்டு நாக்கை அமுக்கி உள்ளே டார்ச் அடித்துப் பார்க்காதீர்கள். படுக்கவும் வைக்காதீர்கள், மூச்சு அடைத்துவிடும். எப்படி உட்கார்ந்திருக்கிறதோ அப்படியே மடியில் வைத்துக்கொண்டு 108ஐக் கூப்பிடுங்கள். அடுப்பை அணைத்துவிட்டுக் கிளம்புங்கள்.

வணக்கம்.