டைக்மன் வீட்டின் அடுக்களை

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

நியூயார்க்கின் மன்ஹாட்டன் தீவில் வயல் இருந்தது, ஆப்பிள் தோப்பு இருந்தது என்றால் நம்பச் சிரமமாக இருக்கும். ஆனால் அந்தத் தீவின் வடகோடியில் இன்வுட் என்ற பகுதியில், பிராட்வேயும் 204ஆம் தெருவும் கூடும் மூலையில், ஒரு பண்ணை வீடு இன்றும் இருக்கிறது. சுற்றிலும் அடுக்குமாடிகள். நடுவே தெருமட்டத்துக்கு மேலே ஒரு மேட்டில் டைக்மன் குடும்பத்தின் வீடு. மன்ஹாட்டனில் மிஞ்சியிருக்கும் மிகப் பழைய பண்ணை வீடு இதுதான்.

டைக்மன் குடும்பம் இங்கே குடியேறியது 17ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில். ஹார்லெம் ஆற்றுப் பக்கம் அவர்களுக்கு முதலில் ஒரு வீடு இருந்தது. அமெரிக்க விடுதலைப் போரில், 1776 முதல் 1783 வரை, மன்ஹாட்டன் பிரிட்டிஷ் படையின் பிடியில் கிடந்தது. குடும்பம் ஊரைவிட்டு வெளியேறியது. போர் முடிந்து திரும்பி வந்தால் வீடும் இல்லை, தோப்பும் இல்லை. வில்லியம் டைக்மன் 1784 வாக்கில் நெடுஞ்சாலை ஓரமாகப் புது வீடு கட்டினார். பயணிகள் போய்வரும் சாலை; விளைந்ததை விற்க வசதி.

அந்த வீட்டைப் பார்த்தால் டச்சு வீடு என்பார்கள். நியூயார்க்கில் டச்சு ஆட்சி முடிந்து 120 ஆண்டுகளுக்குப் பிறகு கட்டிய வீடு அது. ஆட்சி போய் நான்கைந்து தலைமுறை ஆன பின்பும் கட்டும் முறை மட்டும் கைமாறிக் கைமாறி வந்திருக்கிறது. கீழே கல்லும் செங்கல்லும், மேலே மரப்பலகை, இரு சரிவாக மடிந்து இறங்கும் கூரை, முன்னும் பின்னும் தாழ்வாரம். குளிர்காலச் சமையலறை நிலவறையில். அடுப்பின் சூடு மேலறைகளுக்கும் ஏறும். கோடைக்குத் தனியாகப் பக்கத்தில் ஒரு சிறு கட்டு.

பண்ணை ஒரு காலத்தில் 250 ஏக்கருக்கு மேல் பரவியிருந்தது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் குடும்பம் நிலங்களையும் வீட்டையும் கைவிட்டது. வீடு வாடகைக்குப் போய்ச் சிதைந்தது. 1906இல் சுரங்க ரயில் அந்தப் பக்கம் வந்தது. மனை விலை ஏறியது. வீட்டை இடித்துவிடுவார்கள் என்ற நிலை. அப்போதுதான் 1915இல் அந்தக் குடும்பத்தின் பெண்மக்கள் இருவர், மேரி ஆலிஸ் டைக்மன் டீன், ஃபேனி ஃபிரெடெரிக்கா டைக்மன் வெல்ச், வீட்டைத் திரும்ப வாங்கினார்கள். ஃபேனியின் கணவர் கட்டடக் கலைஞர். மேரியின் கணவர் அருங்காட்சியகப் பணியில் தேர்ந்தவர். நால்வரும் கூடிச் சீரமைத்து, வீட்டை நகரத்துக்கே கொடுத்துவிட்டார்கள். 1916இல் அருங்காட்சியகமாகத் திறந்தது. விற்றிருந்தால் நல்ல காசு. அவர்கள் அதை நினைக்கவில்லை. அந்தச் சகோதரிகள்மீது எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

ஆனால் அவர்கள் அங்கே காட்ட விரும்பியது முன்னோரின் பெருமை. வெள்ளிப் பாத்திரம், நல்ல மேசை நாற்காலி, போர்க்கால நினைவுப் பொருள்கள். 250 ஏக்கரை உழுதது யார்? நிலவறையில் நெருப்பு மூட்டியது யார்? நியூயார்க்கில் அடிமைமுறை 1827 வரை சட்டப்படி நடந்தது. தெற்கே பருத்திக்காட்டில் மட்டும் அடிமைகள் இருந்தார்கள் என்று நாம் படித்து வளர்ந்திருக்கிறோம்; இந்தப் பண்ணையிலும் இருந்தார்கள். பிரான்சிஸ் கஜோ என்பவரை ஜாக்கபஸ் டைக்மன் 1809இல் விடுவித்தார். ஹன்னா என்ற கறுப்பினப் பெண் அந்த வீட்டுக்குச் சமைத்துப் போட்டவர். பெயராவது கிடைத்தவர்கள் இவர்கள். மற்றவர்கள் பலருக்கு அதுவும் இல்லை.

இதைவிட என்னை வருத்துவது ஒன்று உண்டு. பத்தாம் அவென்யூவில், 212ஆம் தெருவை ஒட்டி, அடிமைகளைப் புதைத்த இடுகாடு இருந்தது. 1903இல் தெருப் போட மேட்டை வெட்டியபோது எலும்புகள் வெளிவந்தன. எழுத்தில்லாத வெறும் கற்கள்தான் தலைமாட்டில். தெரு போட்டார்கள், ஊர் மறந்தது. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, சில தெருக்கள் தள்ளி, எசமானர் வீட்டை அவ்வளவு பக்தியோடு மீட்டார்கள். அந்த இரண்டையும் சேர்த்தே இந்த வீட்டின் கதையைச் சொல்ல வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அருங்காட்சியகமே இப்போது அந்த வேலையில் இறங்கியிருக்கிறது. பழைய பதிவுகளைத் தேடி, இந்தப் பண்ணைகளில் அடிமைப்பட்டு உழைத்தவர்களின் வாழ்க்கையை வெளியே கொண்டுவருகிறார்கள். இன்வுட்டில் இன்று பெருமளவில் வாழ்வது டொமினிக்கன் குடியரசிலிருந்து வந்த மக்கள். அந்த வட்டாரத்துப் பிள்ளைகள் அந்த வீட்டுத் தோட்டத்துக்கு வருகிறார்கள்.

அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போகிறவர்கள் இந்த அவையில் இருப்பீர்கள். நியூயார்க் போனால் ஏ என்ற சுரங்க ரயிலில் வடக்கே கடைசி நிலையம் வரை போங்கள்; அங்கிருந்து வீடு நடைதூரம்தான். வரவேற்பறையைப் பிறகு பார்க்கலாம். முதலில் படியிறங்கி அடுக்களையைப் பாருங்கள். பிறகு நேரம் இருந்தால் 212ஆம் தெரு வரை நடந்து போய் வாருங்கள்.

நன்றி, வணக்கம்.