ஆத்தைக் கொல்ல விஷம் வேணாம், கஞ்சி போதும்! | சேலம் திருமணிமுத்தாறு

(ரெண்டு கண்ணாடி பாட்டில், க்ளோஸ்-அப்)

இந்த ரெண்டு பாட்டிலையும் பாருங்க. நேத்து ராத்திரி ரெண்டுமே நீலம். ஒரே மருந்து, ஒரே அளவு சொட்டு. காலைல எந்திரிச்சு வந்தா ஒண்ணு அப்படியே இருக்கு, இன்னொண்ணுல நீலத்தைக் காணோம். யாரும் தொடலை, எதையும் ஊத்தலை. அந்த நீலம் எங்க போச்சுன்னு தெரிஞ்சா, சேலத்துக்கு நடுவுல போற திருமணிமுத்தாறு ஏன் கறுப்பா போகுதுன்னும் தெரிஞ்சிரும்.

வணக்கம் மக்களே. சட்டத்தை முதல்லயே முடிச்சிடறேன், கடைசில வெச்சா ஒருத்தர்கூட இருக்க மாட்டீங்க. தண்ணி மாநிலப் பட்டியல்ல, அதாவது மாநிலங்களே சட்டம் போடற பட்டியல்ல, இருக்கற விஷயம். சில மாநிலங்கள் தீர்மானம் போட்டுக் கேட்டதுக்கு அப்புறம்தான் 1974-ல நாடாளுமன்றம் நீர் மாசு தடுப்புச் சட்டத்தைக் கொண்டு வந்துச்சு. மாசுக் கட்டுப்பாட்டு வாரியங்க பொறந்தது அதுலதான். 1986-ல சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம். 1996-ல வேலூர்ப் பக்கத்துத் தோல் தொழிற்சாலை வழக்குல, கெடுத்தவன்தான் செலவு பண்ணிச் சரி பண்ணணும்னு உச்ச நீதிமன்றம் சொல்லிருச்சு. முடிஞ்சது. தூங்கினவங்க எந்திரிங்க.

இப்ப பாட்டிலுக்கு வருவோம். அரைக்கிலோ குச்சிக்கிழங்கு வாங்கினேன். வெளியூர்க்காரங்களுக்கு மரவள்ளி. தோல் சீவி, துருவி, தண்ணி விட்டு, பழைய வேட்டித் துணில பிழிஞ்சேன். பால் மாதிரி இறங்குச்சு. அசையாம ஒரு மணி நேரம் வெச்சா அடில வெள்ளையா மாவு இறுகிருது. விரல்ல தொட்டா கறுக்மொறுக்னு இருக்கும். அந்த மாவுதான் உருண்டையாகி, சட்டில வெந்து, வெயில்ல காஞ்சு ஜவ்வரிசியாகுது. 2023-ல புவிசார் குறியீடே வாங்கின நம்ம சேலம் ஜவ்வரிசி! பாயசத்துல மிதக்கறதும் அதுதான், கோடைல வடகமா மொட்டை மாடில காயறதும் அதுதான்.

நான் கேக்கறது மேல நிக்கற தண்ணியைப் பத்தி, ஆலைல கழிவா வெளிய வர்றதும் இதுதான். அதை என்ன பண்றது?

அந்தத் தண்ணியை ஒரு நாள் அப்படியே விட்டேன். அப்புறம் ஒரு பாட்டில்ல அது, இன்னொண்ணுல குழாய்த் தண்ணி. மீன் தொட்டில பூஞ்சைக்கு ஊத்தற மெத்திலீன் புளூ ரெண்டுலயும் நாலு சொட்டு. கழுத்து வரைக்கும் நிரப்பி மூடிட்டேன். தண்ணில ஆக்சிஜன் இருக்கற வரைக்கும் இந்த மருந்து நீலமா இருக்கும். ஆக்சிஜன் தீர்ந்தா நிறம் போயிரும். பால் கெட்டுப் போச்சான்னு பாக்கறதுக்கும் இதே சோதனை உண்டு. அதாவது, கிழங்குத் தண்ணில இருந்த பாக்டீரியாங்க ராத்திரி பூரா விருந்து சாப்பிட்டு, மூச்சு விட்டே ஆக்சிஜனைக் காலி பண்ணிருச்சுங்க. (மீனைப் போட்டுக் காட்டலை. கமெண்ட்ல திட்டாதீங்க.)

இதுக்கு பி.ஓ.டி.ன்னு பேரு. ஒரு லிட்டர் தண்ணில இருக்கற அழுக்கைத் தின்னு தீக்க, பாக்டீரியாவுக்கு எத்தனை மில்லிகிராம் ஆக்சிஜன் வேணும்ங்கற கணக்கு. குளிக்கற ஆத்துக்கு 3-க்குள்ள இருக்கணும். சுத்திகரிச்சு ஆத்துல விடற கழிவுக்குப் பொதுவான வரம்பு 30. வீட்டுச் சாக்கடை 200, 300. சுத்திகரிக்காத ஜவ்வரிசி ஆலைத் தண்ணி? ஆயிரக்கணக்குல. 3,000-னே வெச்சுக்குங்க. நம்ம ஊர்ச் சூட்டுல நல்ல ஆத்துத் தண்ணி லிட்டருக்கு 8 மில்லிகிராம் ஆக்சிஜன்தான் வெச்சிருக்கும். 3,000-ஐ 8-ஆல வகுங்க. இந்தக் கிழங்குக் கழிவுத் தண்ணி, அதாவது நான் சொன்ன கஞ்சி, ஒரு லிட்டர் போதும், 375 லிட்டர் ஆத்தோட மூச்சைத் தின்னுரும்! மூச்சு போன ஆறுதான் கறுத்து நாறுது.

எனக்குப் பைத்தியம் பிடிக்க வெச்ச விஷயம் இனிமேதான். இந்தச் சோதனையை எத்தனை நாள் பண்ணணும்? இங்கிலாந்துல 1912-ல ஒரு ராயல் கமிஷன், அதாவது அரசாங்கம் போட்ட விசாரணைக் குழு, வேலை பாத்து வெச்ச முறைப்படி அஞ்சு நாள். ஏன் அஞ்சு? அந்த நாட்டு ஆறுங்க கடலுக்குப் போய்ச் சேர அதிகபட்சம் அவ்வளவு நாள்தான் ஆகும்னு ஒரு கணக்காம். அவங்க ஆத்து நீளத்தை வெச்சு உலகம் பூரா ஆய்வகத்துல பாட்டில் மூடிட்டு இருந்திருக்காங்க! ஆனா அது 20 டிகிரில பண்ற சோதனை. நம்ம இந்தியத் தரமுறைல 27 டிகிரி, மூணே நாள். எதுக்குன்னு நம்ம ஊர் அம்மாக்களைக் கேளுங்க. சேலத்துல ராத்திரி அரைச்ச மாவு காலைல பாத்திரத்தை விட்டு வழிஞ்சு நிக்கும். அதே மாவை மார்கழில ஏற்காட்டுக்குக் கொண்டு போனா மத்தியானம் வரைக்கும் கல்லு மாதிரி கிடக்கும். அவங்க ஊர் ஏற்காடு, நம்ம ஊர் சேலம். அவ்வளவுதான் விஞ்ஞானம். இன்னொரு கெட்ட செய்தியும் இதுல இருக்கு: சூடு ஏறினா பாக்டீரியா வேகமா தின்னும், தண்ணியோ ஆக்சிஜனைக் கம்மியாத்தான் பிடிச்சு வெக்கும். நம்ம ஆத்துக்கு ரெண்டு பக்கமும் அடி.

ஆலைக்காரங்களை மட்டும் திட்டிட்டுப் போயிரலாம்னா முடியாது. இதே கழிவை மூடின தொட்டில விட்டு, வர்ற வாயுவைப் பிடிச்சு, அதுலயே ஆலையை ஓட்டறவங்க நம்ம மாவட்டத்துலயே இருக்காங்க. கஞ்சில இருந்து காசு! ஆனா நம்ம வீட்டுக் குழாய்? சோறு வடிச்ச கஞ்சி, பாத்திரம் கழுவின தண்ணி, கக்கூஸ் தண்ணி. எல்லாமே பாக்டீரியாவுக்குச் சாப்பாடு. அதுக்கு நம்ம கேட்டைத் தட்டி சாம்பிள் எடுக்க எந்த ஆபீசரும் வர மாட்டாரு.

கொடுமை என்னன்னா, இது நம்ம சேர்வராயன் மலைல பொறந்து நம்ம ஊருக்குள்ள வர்ற ஆறு. அதை மூக்கைப் பொத்திக்கிட்டு பாலத்துல தாண்டிட்டு, 1934-ல கட்டி முடிச்ச மேட்டூர் அணைத் தண்ணியைக் குழாய்ல வரவெச்சுக் குடிக்கிறோம். திருமணிமுத்தாறு எங்க போகுது? நாமக்கல் மாவட்டத்துல அதே காவேரில. மேட்டூருக்குக் கீழ. அங்கிருந்து திருச்சிப் பக்கம். திருச்சில இருந்து பாக்கற சொந்தக்காரங்க மன்னிச்சுக்குங்க.

(வெளுத்த பாட்டிலைக் கையில எடுத்து)

இப்ப மூடியைத் திறந்து காத்து விட்டு, மூடி, குலுக்கறேன். பாருங்க... நீலம் திரும்பி வருது! ஏற்காட்டுக் கிளியூர் அருவில தண்ணி பாறைல விழுந்து நுரைக்குதே, அதுவும் இந்தக் குலுக்கல்தான். ஓடற ஆறு இப்படித்தான் தன்னைத் தானே தேத்திக்கும். கீழ வெச்சிட்டேன். கொஞ்ச நேரம் விட்டா அடில இருந்து மறுபடியும் வெளுக்க ஆரம்பிச்சிரும், சாப்பாடு இன்னும் மிச்சம் இருக்குல்ல. சுத்திகரிப்பு நிலையத்துல மோட்டார் வெச்சு ராத்திரி பகலா காத்தை ஊதறதும் இதுக்குத்தான், கரண்டு பில் ஏறிக்கிட்டே இருக்கும்.

எனக்கு இப்பவே கை வலிக்குது. உங்க ஊர் ஏரி என்ன நிறத்துல இருக்குன்னு கமெண்ட்ல போடுங்க. டேய், கேமராவை நிறுத்துடா, இந்தப் பாட்டில் நாத்தம் தாங்கலை.