குதிகால பாத்த ஆளு

(போன ஞாயித்துக்கிழம காட்பாடில நடந்த பாராட்டு விழால ரிட்டயர்டு மிலிட்டரி பாக்சிங் மாஸ்டர் ஒருத்தர் பேசுனது. போன்ல ரெக்கார்ட் ஆனத கேட்டு கேட்டு அடிச்சிருக்கோம், பேச்ச அப்டியே வுட்டுட்டோம்.)

எல்லாருக்கும் வணக்கம். மேடைல கீற பெரியவங்க பேரெல்லாம் ஒவ்வொண்ணா சொன்னா பின்னாடி பந்தில பிரியாணி ஆறிடும், அதனால மொத்தமா ஒரு கும்பிடு. தம்பி, அந்த ஃபேன இப்டி கொஞ்சம் திருப்பு, சித்திர மாசத்து வேலூர்ல சட்ட பட்டன் ஃபுல்லா போட்டுகினு மேடைல ஏறுன்னு என் சம்சாரம் சொல்லி அனுப்பிட்டா.

நம்ம பையன் ஸ்டேட்ல 60 கிலோல கோல்டு அடிச்சிட்டு வந்துகீறான். சந்தோசம். நம்ம ஊர்ல வெயிட்லிஃப்டிங்னா எல்லாருக்கும் தெரியும், சத்துவாச்சாரி சதீஷ் சிவலிங்கம் 2014 கிளாஸ்கோலயும் 2018 கோல்டு கோஸ்ட்லயும் காமன்வெல்த் கோல்டு தூக்குனதுல இருந்து அந்தப் பக்கம் தெருவுக்கு நாலு பசங்க கம்பியும் கையுமா சுத்துறானுங்க. பாக்சிங்னு சொன்னா மட்டும் "அது மெட்ராஸ்காரங்க ஆட்டம் மாஸ்டர், ராயபுரம் காசிமேடு பக்கம் பரம்பர பரம்பரயா ஆடுவாங்க"ன்னு சொல்லுவாங்க. சரிதான், மெட்ராஸ் பசங்க கை வேற தான், தேவராஜன் 1994-ல பாங்காக் வேர்ல்டு கப்ல வெண்கலம் வாங்கி அடுத்த வருஷம் அர்ஜுனா அவார்டே வாங்குனாரு. ஆனா புளியமரத்தடில ஷெட்டு போட்டு, ராணிப்பேட்ட தோல் ஷாப்புல வேல செய்ற இவங்கப்பா வாங்கியாந்த தோல தச்சு, உள்ள பனியன் வேஸ்ட்ட அடச்சு, அந்த மூட்டய குத்தி வளந்த பையன் இவன். ஏழு வருஷம் குத்திகீறான். அந்த பேக்கு ஒரு பக்கம் சப்பையா போயிருக்கும், அது இவன் ரைட்டு கை.

எனக்கு வாழ்த்துரைன்னு போட்டுகீறாங்க நோட்டீஸ்ல. வாழ்த்திட்டேன். இப்ப விசயத்துக்கு வரேன், ஏன்னா மூணு வாரமா இந்த ஊர்ல டீக்கடைல, சலூன்ல, இவங்க வூட்டு திண்ணைல எல்லாம் ஒரே பேச்சு, பையன் அடுத்து எங்க போறான், யார்கிட்ட போறான்னு. ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க. நானும் சொல்லிட்றேன்.

மூணு எடத்துல இருந்து கூப்புட்றாங்க. ஒண்ணு, ஒரு புரமோட்டரு, வெளியூரு, பேர் வாணாம். உடனே புரொஃபஷனல் ஆயிடு, வருஷத்துக்கு அஞ்சு ஃபைட்டு நான் குடுக்குறேன், போஸ்டர்ல உன் மூஞ்சி பெருசா வரும்னு சொல்றாரு. ரெண்டாவது, ஒரு பெரிய கோச்சு, அவரோட சென்டரு, சுவத்துல பூரா போட்டோ, யார் யாரோ மெடல் வாங்குன போட்டோ. மூணாவது மிலிட்டரி ஸ்போர்ட்ஸ் கேம்ப்பு, அங்க ஒரு அசிஸ்டென்ட் கோச்சு, சேந்தா ஸ்போர்ட்ஸ் கோட்டால வேலையும் உண்டு.

புரமோட்டர் கதைய மொதல்ல முடிச்சிட்றேன். தம்பி, நீ இப்ப ஆட்றது மூணு ரவுண்டு, ஒரு ரவுண்டு மூணு நிமிஷம், கைல 10 அவுன்ஸ் கிளவுசு. 19 வயசாயிடுச்சு, இனிமே எலைட்டு, பெரியவங்க ஆட்டத்துல 2013-ல இருந்து ஆம்பளைங்களுக்கு ஹெட்கார்டும் கிடையாது, அதுவே உனக்கு இன்னும் பழகல. அங்க போனா உன் வெயிட்டுக்கு 8 அவுன்ஸ், நாலு ரவுண்டுல ஆரம்பிச்சு ஆறு எட்டுன்னு ஏறி பத்து பன்னெண்டு வரைக்கும் போவும். அது வேற ஆட்டம். மூச்சே வேற. அதுமில்லாம புரொஃபஷனல்ல ஆரம்பத்துல எதிராளி யாருன்னு புரமோட்டர் தான் முடிவு பண்ணுவாரு. பத்து ஃபைட்டு ஆடி பத்தும் தோத்தவன கூட்டியாந்து நிறுத்துவான், நீ ஒரே ரவுண்டுல சாய்ச்சிடுவ, ஊர்ல பட்டாசு வெடிப்போம், அப்டி ஆறு பேர சாய்ச்சிட்டு ஏழாவதா ஒருத்தன் நெசமாவே ஆடத் தெரிஞ்சவன் வந்து நிக்கசொல்ல உனக்கு ஒண்ணும் தெரியாது, ஏன்னா அந்த ஆறு பேர்கிட்ட நீ ஒண்ணும் கத்துக்கல. புரமோட்டருக்கு அப்ப வேற பையன் இருப்பான்.

விஜேந்தர் எப்ப போனாரு? மூணு ஒலிம்பிக்ஸ் ஆடி, 2008 பீஜிங்ல வெண்கலம் வாங்கி, அதுக்கப்புறம் 2015-ல தான் புரொஃபஷனல், வயசு 29. போனதும் மான்செஸ்டர்ல லீ பியர்டுன்னு ஒரு டிரெய்னர்கிட்ட போய் உக்காந்து மொதல்ல இருந்து கத்துகினாரு. நிஷாந்த் தேவ் பாரிஸ் ஒலிம்பிக்ஸ்ல குவார்ட்டர் ஃபைனல் வரைக்கும் ஆடிட்டு தான் 2025 ஜனவரில லாஸ் வேகாஸ்ல மொத ஃபைட்டு ஆடுனான். பெரிய மேடைய பாத்துட்டு போனவங்க அவங்க. நீ இன்னும் நேஷனல்ஸே ஒழுங்கா பாக்கல. 2028 லாஸ் ஏஞ்சலஸ்ல பாக்சிங் இருக்கா இல்லியான்னு கொஞ்ச நாள் இழுத்துகினு இருந்தாங்க, இப்ப இருக்குன்னு சொல்லிட்டாங்க. அதனால புரமோட்டருக்கு போன் பண்ணி நல்லவிதமா வாணாம்னு சொல்லிடு. கோவமா பேசாத. பின்னாடி வேண்டியிருக்கும்.

இப்ப வாத்தியார் விசயம். இதுல தான் நான் கொஞ்சம் நேரம் எடுத்துப்பேன்.

நான் மெட்ராஸ் சாப்பர்ஸ்ல, அதான் மிலிட்டரி இன்ஜினியர் ரெஜிமென்ட்டுல, இருந்தப்ப ஒரு யூனிட் மேட்ச்சு. ரெண்டாவது ரவுண்டு முடிஞ்சு ஸ்டூல்ல வந்து உக்காந்தேன். கார்னர்ல இருந்தவரு நல்ல மனுஷன் தான், என் மேல உசுரு. ஆனா அந்த ஒரு நிமிஷத்துல அவரு எங்கிட்ட சொன்னது இன்னான்னா, கைய தூக்கு, உள்ள போ, தள்ளி நில்லு, பாடில குடு, ரைட்டு பாத்துக்கோ, மூச்ச வுடு, அவன் டயர்டு ஆயிட்டான், நீ ஏன் டயர்டா கீற, எல்லாம் ஒரே மூச்சுல. தண்ணிய வாய்ல ஊத்துறதுக்கு பதிலா மூக்குல ஊத்திட்டாரு. மணி அடிச்சிடுச்சு, எந்திரிச்சு போறேன், எனக்கு ஞாபகம் இருந்தது மூக்கு எரிச்சல் மட்டும் தான். போன வேகத்துல ரைட்டுல ஒண்ணு வாங்குனேன், அதுக்கப்புறம் எம்மூஞ்சிக்கு மேல டியூப்லைட்டு எரிஞ்சது தான் தெரியும்.

நல்ல கார்னர்காரன் இன்னா பண்ணுவான் தெரியுமா? மொத கால் நிமிஷம் வாயே தொறக்க மாட்டான். மூச்சு எறங்கட்டும்னு வுடுவான், பல்லு கார்ட எடுத்து தண்ணில அலசுவான், துடைப்பான். அப்புறம் கண்ண பாத்து ஒண்ணே ஒண்ணு சொல்லுவான். ஒண்ணு. அவ்ளோதான் மண்டைல ஏறும் அந்த நேரத்துல.

டைசன் கத எல்லாருக்கும் தெரியும், ஆனா எல்லாரும் டைசன் அடிச்ச கதைய தான் சொல்லுவாங்க. கஸ் டமாட்டோன்னு ஒரு கெழவரு, டைசன வூட்லயே வெச்சு வளத்தாரு, 1985-ல செத்துட்டாரு. அடுத்த வருஷமே டைசன் 20 வயசுல ஹெவிவெயிட் சாம்பியன். அப்ப கார்னர்ல இருந்தவரு கெவின் ரூனி, அந்தக் கெழவர் பட்டறைல வளந்தவரு. 1988-ல ஸ்பிங்க்ஸ 91 செகண்டுல சாய்ச்சிட்டு கொஞ்ச நாள்ல ரூனியயும் அனுப்பிட்டான். அப்புறம் 1990 பிப்ரவரில டோக்கியோ. பஸ்டர் டக்ளஸ் அடிச்ச அடில டைசனுக்கு கண்ணு வீங்குது. அப்டி வீங்குனா அமுக்குறதுக்கு ஐஸ்ல வெச்ச ஒரு சின்ன இரும்பு இருக்கும், எங்க ஷெட்டுலயே ஒண்ணு கீது. டைசன் கார்னர்ல அது இல்ல. ஒலகத்துலயே பெரிய சாம்பியன், கோடிக்கணக்குல துட்டு, ரப்பர் கையுறைல ஐஸ் தண்ணி ஊத்தி கண்ணுல வெச்சுகினு கீறானுங்க. பத்தாவது ரவுண்டுல அந்தாளு தரைல பல்லு கார்ட தேடிகினு தவழ்றான். அத வீடியோல பாக்கசொல்ல எனக்கு அந்த தண்ணி கையுறை தான் கண்ணுல நிக்குது, விழுந்தது கூட இல்ல.

சரி, அப்ப வாத்தியார மாத்தவே கூடாதான்னு கேப்பீங்க. அப்டியும் சொல்ல மாட்டேன். லெனாக்ஸ் லூயிஸ்னு ஒரு ஹெவிவெயிட் சாம்பியன், 1994-ல லண்டன்ல, சொந்த ஜனம் முன்னாடி, ஆலிவர் மெக்கால்கிட்ட ரெண்டாவது ரவுண்டுலயே தோத்துட்டாரு. மெக்கால் கார்னர்ல இருந்தவரு இமானுவேல் ஸ்டீவர்டு. லூயிஸ் இன்னா பண்ணாரு, என்ன சாய்க்கிறதுக்கு வழி சொல்லிக் குடுத்த ஆளே எனக்கு வாத்தியாரா வரட்டும்னு ஸ்டீவர்ட கூட்டியாந்துட்டாரு. 1997-ல அதே மெக்கால ஜெயிச்சு பெல்ட்டு வாங்குனாரு. என் ஓட்டை எவனுக்கு தெரியுதோ அவன் தான் அடைக்க முடியும்னு நெனச்ச மனுஷன். ரோசம் பாக்கல.

பேர பாத்து போறதுக்கும் ஒரு கத கீது. முகமது அலி, அப்ப கேசியஸ் கிளே, 1960-ல ரோம்ல ஒலிம்பிக் கோல்டு வாங்கிட்டு மொதல்ல போனது ஆர்ச்சி மூர்கிட்ட. எவ்ளோ பெரிய பேரு! மூர் அவன தட்டு கழுவு, தரைய துடைன்னாரு. இந்தப் பையனுக்கு ஆவல, கெளம்பி மியாமில ஏஞ்சலோ டண்டிகிட்ட வந்துட்டான். டண்டி ஒண்ணும் கட்டாயப்படுத்த மாட்டாரு, அவன் போடாத குத்த கூட "அந்த அப்பர்கட்டு பிரமாதம்பா"ன்னு சொல்லுவாராம், அடுத்த நாள் இவன் தானே அத போடுவான். மூர் மோசமான வாத்தியார் இல்ல, இந்தப் பையனுக்கு அவரு சரிப்படல, அவ்ளோ தான். அந்த அலி 1980-ல மெட்ராசுக்கே வந்தாரு, நேரு ஸ்டேடியத்துல, எம்ஜிஆர் முன்னாடி, ஜிம்மி எல்லிஸ்கூட சும்மா காட்சிக்கு ஆடுனாரு. எங்க மாமா காட்பாடில ரயிலேறிப் போய் பாத்துட்டு வந்து ஆறு மாசம் அதையே பேசுனாரு. அந்த எல்லிஸுக்கும் டண்டி தான் வாத்தியாரு, 1971-ல இவங்க ரெண்டு பேரும் நெசமா மோதசொல்ல டண்டி எல்லிஸ் கார்னர்ல நின்னாரு, அலிகிட்ட இல்ல. அதுக்காக அலி சண்ட போட்டுக்கல, அடுத்த ஃபைட்டுக்கு டண்டி திரும்பி வந்துட்டாரு.

இது எதுக்கு சொல்றேன்னா, நம்ம பையனோட ஓட்டை இன்னான்னு எனக்கு தெரியும். லெஃப்ட்டு ஜாப், அதான் நேரா நீட்டுற குத்து, போட்டுட்டு கைய திருப்பி இழுக்கசொல்ல தாடைகிட்ட வராது, நெஞ்சுகிட்ட வந்து நிக்கும். ரெண்டு வருஷமா கத்துறேன். "கை மேல, கை மேல." கைல கயிறு கட்டிப் பாத்தேன், கழுத்துக்கு துண்டு குடுத்து புடிச்சுக்க சொன்னேன், ஒரு நாள் ஸ்கிப்பிங் கயிறாலயே ரெண்டு போட்டேன், யம்மா மன்னிச்சிடுங்க. ஒண்ணும் ஆவல.

ரெண்டு சென்டருக்கும் நானே கூட்டிட்டு போனேன். பெரிய கோச்சு நல்லா பேசுனாரு, டீ குடுத்தாரு. பையன் மூணு ரவுண்டு ஸ்பாரிங் பண்ணான். அவரு போன பாத்துகினே "சூப்பர்டா, பஞ்ச் இருக்கு, சேந்துடு"ன்னாரு. அவர்கிட்ட நாப்பது பசங்க, ஒருத்தன் பேரும் அவர் வாய்ல வரல, எல்லாருமே "டேய்" தான்.

கேம்ப்புல அந்த அசிஸ்டென்ட்டு, ஒல்லியா ஒரு ஆளு, தமிழ் பாதி இந்தி பாதி. ஒரு ரவுண்டு பாத்தாரு. கைய பாக்கவே இல்ல, குனிஞ்சு கால பாத்துகினு இருந்தாரு. நிறுத்துன்னாரு. பின்னாடி குதிகால் தரைல ஒட்டுது, அதனால ஜாப் போட்டா ஒடம்பு முன்னாடி சாயுது, சாயுற ஒடம்ப புடிக்க கை கீழ வருது, கைமேல தப்பே இல்லன்னாரு. ஷூவ கழட்ட சொல்லி, உள்ள குதிகால் எடத்துல ஒரு சோடா மூடிய வெச்சு, இப்ப ஆடுன்னாரு. குதிகால் எறங்குனா நறுக்குன்னு குத்தும். பையன் எகிறி எகிறி ஆட்றான், கை தன்னால தாடைக்கு வருது! ரெண்டு வருஷம் நான் கத்துனது, இருவது நிமிஷம். எனக்கு ஒரு பக்கம் சந்தோசம், ஒரு பக்கம் வயிறு எரிஞ்சிச்சு, பொய் சொல்ல மாட்டேன். வர வழில ரயில்ல பையன்கூட நான் பேசவே இல்ல, அவன் நான் கோவமா கீறேன்னு நெனச்சிட்டான்.

அவருக்கு பேரு இல்ல, போட்டோ இல்ல. மாஸ்டர், அவரு வாணாம், அந்த பெரிய கோச்சுகிட்ட அனுப்புங்கன்னு இங்கயே நாலு பேர் கீறாங்க, முன் வரிசைல கூட கீறாங்க. நான் அங்க தான் அனுப்பப்போறேன்.

இவங்கம்மா நேத்து ராத்திரி பீடி தட்டோட எங்க வூட்டு வாசல்ல வந்து உக்காந்துகினு, மெடலு வேலைன்னு ஒண்ணும் கேக்கல. "மாஸ்டர், எம்புள்ள அடி வாங்கி நிக்க முடியாம போகசொல்ல, இன்னும் ஆட்றேன்னு அவன் சொன்னா யாரு நிறுத்துவாங்க?"ன்னாங்க. இத்தன வருஷத்துல எங்கிட்ட யாரும் இத கேக்கல. 1975-ல மணிலால அலியும் ஃபிரேசியரும் ஆடசொல்ல, பதினாலு ரவுண்டு முடிஞ்சுது, இன்னும் ஒண்ணே ஒண்ணு தான். ஃபிரேசியருக்கு கண்ணு தெரியல, நான் போறேன் நான் போறேன்னு எந்திரிக்கிறாரு. எடி ஃபட்ச்சுன்னு அவரோட வாத்தியாரு தோள்ல கைய வெச்சு உக்கார வெச்சிட்டாரு, போதும்னுட்டாரு. ரிங்குல பசங்க செத்தத கண்ணால பாத்த மனுஷன் அவரு. அந்தக் கதைய அக்காவுக்கு சொன்னேன். அது வேற ஆளு, இவரு நிறுத்துவாரான்னு கேட்டாங்க.

அதனால ராத்திரியே போன் போட்டேன் கேம்ப்புக்கு. பத்தரை மணி, தூங்கிகினு இருந்தாரு. கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம் சொன்னாரு, "ரெண்டு வாட்டி ரிங்குல டவல் போட்டு ஆட்டத்த நிறுத்திகீறேன் சார். ஒருத்தன் இன்னி வரைக்கும் எங்கூட பேசறதில்ல, இன்னொருத்தன் கல்யாணத்துக்கு கூப்ட்டான்."

அக்கா, அவர் சொன்னது அவ்ளோதான். செவ்வாக்கிழம காலைல ரயிலு. தம்பி, இன்னிக்கு பிரியாணி ஒரு பிளேட்டோட நிறுத்திக்கோ, அங்க போனதும் மொதல்ல வெயிட்டு தான் பாப்பாங்க. அந்த சோடா மூடிய மறக்காம எடுத்துக்கோ, ஷெட்டுல ஜன்னல் மேல வெச்சிருக்கேன்.