சி எழுத்துல ஆரம்பிக்கிற தண்ணி வார்த்தைகள்: குற்றாலத்துலேருந்து கன்னடியன் கால்வாய் வரைக்கும்

(திரையில்: குற்றாலம், சேரன்மகாதேவி, சிற்றாறு. மூணு பேருக்கும் ஆங்கில எழுத்து ஒவ்வொண்ணா விழுது.)

இந்த மூணு பேரையும் ஆங்கிலத்துல எழுதினா முதல் எழுத்து சி தான். ஆனா குற்றாலத்துல அது 'க'. மத்த ரெண்டுலயும் பக்கத்துல ஹெச் வந்து நின்னு 'ச' ஆயிடுது. சி-க்குன்னு சொந்தமா ஒரு சத்தம் கிடையாது, அடுத்து நிக்கிற எழுத்துதான் அதை முடிவு பண்ணும். ஏ, ஓ, யு வந்தாலோ, எல், ஆர் மாதிரி மெய்யெழுத்து வந்தாலோ 'க'. இ, ஐ, ஒய் வந்தா 'ஸ'. சைக்கிள்ங்கிற ஒரே வார்த்தையில ரெண்டும் இருக்கு: முதல் சி-க்கு அப்புறம் ஒய், அதனால ஸ, ரெண்டாவது சி-க்கு அப்புறம் எல், அதனால க.

இந்த வீடியோவுல சி-யில ஆரம்பிக்கிற தண்ணி வார்த்தைகளை மட்டும் எடுத்துக்கிறோம். தாமிரபரணிக் கரையில இருக்கிறவங்களுக்கு இதுல பாதி வார்த்தைக்கான பொருள் கண்ணு முன்னாடியே ஓடுது.

(திரையில்: கன்னடியன் கால்வாய், ரெண்டு பக்கமும் வயல்.)

முதல் ஜோடி கனால், சானல். தமிழ்ல ரெண்டுக்கும் கால்வாய்தான், ஆங்கிலத்துல வேற வேற. கனால்னா மனுஷன் வெட்டினது. சானல்னா தண்ணி ஓடுற தடம்; வெட்டினதாவும் இருக்கலாம், ஆறு தானா அறுத்துக்கிட்ட பள்ளமாவும் இருக்கலாம். பழைய அணைக்கட்டுகள்லேருந்து பிரியிற கன்னடியன், பாளையங்கால்வாய், நெல்லைக் கால்வாய் எல்லாம் அரசுப் பதிவுல சானல்னுதான் இருக்கு. அதை மாத்தி கனால்னு மொழிபெயர்க்காதீங்க, பேரை அப்படியே எழுதுங்க.

உச்சரிப்புல ரெண்டு இடம் சறுக்கும். கனால்ல அழுத்தம் ரெண்டாவது அசையில: க-னால். 'கேனல்'னு முன்னாடி அழுத்தினா கேக்கிறவங்களுக்குப் புரியாது. சானல்ல நாம தப்பு பண்றதுக்குக் காரணம் தமிழ் பழக்கம். வார்த்தையோட தொடக்கத்துல வர்ற ச-வை நாம 'ஸ' மாதிரி மெலிசா சொல்லுவோம், சாமி, சட்டைன்னு. இங்க வேண்டியது 'பச்சை'யில வர்ற அழுத்தமான ச்ச. முதல்ல 'பச்சை'ன்னு சொல்லி, அந்த ச்ச-வுல நாக்கு எங்க ஒட்டுதுன்னு பாத்துக்கிட்டு, அங்கேருந்தே சானலை ஆரம்பிங்க.

(திரையில்: குற்றாலம் பேரருவி, நடுவுல பொங்குமாங்கடல் மேல ஒரு வட்டம்.)

அடுத்தது கேஸ்கேட், கேட்டராக்ட். படிப்படியா விழுந்து, நின்னு, திரும்ப விழுறது கேஸ்கேட். பேரருவியைக் கூர்ந்து பாருங்க. மேலேருந்து வர்ற தண்ணி ஒரே வீச்சுல தரைக்கு வராது. நடுவுல பொங்குமாங்கடல்ங்கிற பள்ளத்துல விழுந்து, நிரம்பி, அதுலேருந்து வழிஞ்சுதான் நம்ம தலைக்கு வருது. அந்த அமைப்பைச் சொல்ல ஏத்த வார்த்தை இதுதான். ஒரு குளம் நிறைஞ்சு மறுகால் போயி அடுத்த குளத்தை நிரப்புற நம்ம சங்கிலிக் குளங்களையும் பாசனப் படிப்புல இதே வார்த்தையிலதான் சொல்றாங்க. கேட்டராக்ட்னா செங்குத்தா, பெருசா விழுற அருவி. கண்புரைக்கும் அதே வார்த்தைதான், வாக்கியத்தைப் பாத்துப் பிரிச்சுக்கணும்.

இப்போ தேர்வுலயும் செய்தியிலயும் ரொம்பத் தப்பா வர்ற வார்த்தை: கியூசெக். ஒரு வினாடிக்கு ஒரு கனஅடி, அதாவது சுமார் 28.3 லிட்டர். கனத்துக்கான ஆங்கில வார்த்தையோட தலையையும் வினாடிக்கான வார்த்தையோட தலையையும் ஒட்டவச்சு வந்தது. வினாடி ஏற்கெனவே உள்ளயே இருக்கு. தமிழ்ல 'வினாடிக்கு 1000 கனஅடி'ன்னு எழுதுறது சரி. ஆங்கிலத்துல '1000 கியூசெக்ஸ் பெர் செகண்ட்'னு எழுதினா வினாடி ரெண்டு தடவை வந்துடும்.

இன்னொரு குழப்பம்: கியூசெக் ஓடுற வேகக் கணக்கு, தேங்குற அளவு இல்ல. அணையில இருக்கிறதை மில்லியன் கனஅடியில சொல்லணும். 1000 கியூசெக் ஒரு நாள் முழுக்க வந்தா 86.4 மில்லியன் கனஅடி சேரும். பாபநாசம் அணையோட கெப்பாசிட்டி 5,500 மில்லியன் கனஅடி, உயரம் 143 அடி. 'நீர்மட்டம் 100 அடி'ன்னா அது கெப்பாசிட்டி இல்ல. அணை மேல போகப்போக விரியும், அதனால மேல இருக்கிற ஒரு அடி உயரத்துல, கீழ இருக்கிற ஒரு அடி உயரத்தை விட ரொம்பத் தண்ணி பிடிக்கும்.

(திரையில்: மலை, அணை, வயல். மூணும் ஒரே படத்துல.)

கேச்மென்ட்னா அணைக்கு மேல, மழை விழுந்து தண்ணி திரண்டு வர்ற இடம், நீர்ப்பிடிப்பு. கமாண்ட் ஏரியான்னா அணைக்குக் கீழ, அந்தத் தண்ணி பாயிற ஆயக்கட்டு. மாத்தி எழுதினா மலையில நெல் விளைஞ்ச மாதிரி ஆயிடும்.

கான்ஃப்ளுவன்ஸ்னா ஆறுகள் சேர்ற இடம். சீவலப்பேரி பக்கம் சிற்றாறு தாமிரபரணியில கலக்குதுல்லா, அதுதான். கல்வெர்ட்ல தண்ணி ரோட்டுக்கு அடியில போகும். காஸ்வேன்னா தரைப்பாலம், வெள்ளம் வந்தா அதுக்கு மேலயே போகும். கரன்ட்னா நீரோட்டம், மின்சாரம் ரெண்டும்; ஆனா 'கரண்ட் போயிட்டு'ங்கிறதை ஆங்கிலத்துல சொல்லும்போது பவர்னு சொல்லுங்க.

சைக்ளோன் விஷயத்துல கவனமா இருங்க. 2023 டிசம்பர்ல காயல்பட்டினத்துல 24 மணி நேரத்துல 95 சென்டிமீட்டர் கொட்டுச்சே, அது புயல் இல்ல, வளிமண்டல மேலடுக்கு சுழற்சி. அதுக்கு ஆங்கிலத்துல சைக்ளோனிக் சர்குலேஷன்னு முழுசா எழுதணும். கிளவுட்பர்ஸ்டும் அப்படித்தான்: சின்னப் பரப்புல ஒரே மணி நேரத்துல 10 சென்டிமீட்டர் அல்லது அதுக்கு மேல பெஞ்சாத்தான் அந்த வார்த்தை. நாள் கணக்கை மட்டும் வச்சு அதைப் போடக்கூடாது.

கடைசியா ஒண்ணு, கலிங்குலா. குளத்துல மிஞ்சின தண்ணி வழிஞ்சு போற கலிங்கு இருக்குல்லா, அந்தத் தமிழ் வார்த்தையை வெள்ளைக்காரன் காலத்துப் பாசனப் பதிவுகள்ல சி போட்டு அப்படியே எழுதிக்கிட்டாங்க. பழைய ஆவணம் படிக்கும்போது பொருள் தெரிஞ்சிருக்கணும். தேர்வுல எழுதும்போது மட்டும் சர்ப்ளஸ் வியர்னு எழுதுங்க, திருத்துறவங்களுக்கு அதுதான் பழக்கம்.